லாயச் சுவரின் ஓட்டை

எங்கள் துரையின் மோட்டார் வண்டி சுத்தமானது என்று கோரமண்டல் லைன் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான்தான். சாணி போடாது, மூத்திரம் பெய்யாது, ஈ மொய்க்காது. துரை தன் வீட்டு விருந்தில் இங்கிலீஷில் சொன்னதை நான் குழாயடியில் தமிழில் சொன்னேன். ஏதோ நானே யோசித்துக் கண்டுபிடித்ததைப் போலச் சொன்னேன். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. தங்கவயலில் முதன்முதலாக மோட்டார் ஓட்டியவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர் என்று பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எடுத்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கிழவனுக்குக் கூச்சம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூச்சம் இல்லை, வெட்கம். இரண்டும் வேறு.

துரை சுரங்கத்து இயந்திரங்களுக்குப் பொறுப்பானவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என்னை அவர் குதிரைக்காரனாக வைத்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் இறங்காத வேலை கிடைத்ததே என் பெண்டாட்டிக்குப் பெரிய நிம்மதி. நாங்கள் லைனில், கம்பெனித் தொழிலாளர்களின் குடியிருப்பு வரிசையில், தட்டி வீட்டில் இருந்தோம். குதிரை துரை பங்களாவின் பின்புறம் ஓடு போட்ட லாயத்தில் இருந்தது. அது எங்களைவிட நல்ல வீட்டில் இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். உண்மைதான்.

லாயத்துக்குப் பின்னால் ஒரு எருக்குழி. குழிக்கு அந்தப் பக்கம் பங்களாவின் மதில் சுவர். சுவருக்கு வெளியே ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது. மேட்டிலிருந்த குட்டை நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் எங்கள் சுவரை ஒட்டியே ஓடி, கீழே ஒரு துண்டு நிலத்துக்குப் போகும். அந்த நிலத்தில் கீரை போட்டவளை லைனில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் சுரங்க ஷாஃப்டில் பாறை விழுந்து போய்விட்டான். கம்பெனிக்காரர்கள் அந்தப் பயனற்ற துண்டு நிலத்தைக் கண்டும் காணாமலும் அவளுக்கு விட்டிருந்தார்கள். அரைக்கீரை, தண்டுக்கீரை, ஓரத்தில் கொத்தமல்லி. அவளிடம் கீரை வாங்காத வீடு லைனில் இல்லை.

அக்காவுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. குதிரைச் சாணி அவளுக்கு. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு கட்டுக் கீரை என் வீட்டுக்கு. பிறகு ஒரு நாள், மூத்திரம் வீணாகத்தானே மண்ணில் போகிறது, அதையும் கொடேன் என்று கேட்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து குழியின் அடிமட்டத்தில் மதிலை ஒரு கை நுழையும் அளவுக்குத் துளைத்தோம். உள்ளே நான், வெளியே அவள். கடப்பாரை முனை அவள் பக்கம் எட்டிப் பார்த்தபோது அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உடைந்த மண்குழாய் ஒன்றைச் செருகி, சுற்றிக் களிமண் பூசினேன். குழியில் ஊறியது சொட்டுச் சொட்டாக வாய்க்காலுக்குப் போய், வாய்க்கால் தண்ணீரோடு பாத்திக்குப் போனது. அந்த வருஷம் தண்டுக்கீரை என் இடுப்புயரம் வளர்ந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொய் எங்கே சொன்னேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மோட்டார் வந்த சமயம் ஊருக்கு மின்சாரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பாய்லருக்கு விறகு வெட்டி வெட்டியே சுற்று வட்டாரக் குன்றுகளை மொட்டையடித்துவிட்டிருந்தார்கள். வண்டி வண்டியாக விறகு வந்த காலத்தை நானே பார்த்திருக்கிறேன். மின்சாரம் வந்ததும் புகை குறைந்தது, இனிமேல் எல்லாம் சுத்தம் என்று ஒரு பேச்சு இருந்தது. மோட்டாரும் அந்தப் பேச்சோடு பேச்சாக வந்து சேர்ந்தது. பெரிய மரப்பெட்டியில் ரயிலில் வந்தது. கூடவே மெட்ராஸிலிருந்து ஒரு ஆள் வந்து ஒரு மாதம் தங்கி எனக்கு ஓட்டவும் கழற்றவும் பூட்டவும் கற்றுக்கொடுத்தான். துரை எனக்கு ஒரு தொப்பி கொடுத்தார். குதிரையை யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் அதன் கழுத்தைத் தட்டிக்கூட வழியனுப்பவில்லை, அன்றைக்கு எனக்குத் தொப்பி சரியாக உட்காருகிறதா என்பதுதான் கவலை.

ஓட்டத் தொடங்கிய முதல் வருஷத்தில் நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. லைன்களுக்கு நடுவில் மண் பாதை. பக்கத்திலேயே சயனைடு மேடு. தங்கம் எடுத்தபின் கொட்டின மாவு மண் மலை மாதிரி குவிந்து கிடக்கும். காற்றடித்தால் அது பாதையெல்லாம் படியும். அதன் மேல் நான் வண்டியை விட்டால் கிளம்பும் புழுதி அடங்க ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் ஆகும். பெண்கள் ஹாரன் கேட்டதும் சோற்றுப் பானையை உள்ளே எடுத்துப் போவார்கள், காயப்போட்ட துணியைச் சுருட்டுவார்கள். எனக்கு அது மரியாதை செய்வதாகப் பட்டது. அதனாலேயே தேவையில்லாத இடத்திலும் ஹாரனை அமுக்குவேன். ஒரு வீட்டுக் கோழி சக்கரத்தில் மாட்டியதற்கும் சிரித்தேன்.

அக்கா மட்டும் மரியாதை காட்டவில்லை. குதிரை போன வாரமே மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இன்னா தம்பி, இதுக்கு சாணி இல்லியா?" என்று கேட்டாள்.

இது சுத்தமான வண்டி, இதற்கு வாயும் இல்லை வயிறும் இல்லை என்று என் தம்பட்டத்தை அவளிடமும் அடித்தேன்.

"டின் டின்னா பெட்ரோல் குடிக்குது இல்ல? குடிச்சது எங்கனா போயித்தானே ஆவணும்," என்றாள்.

படிக்காதவள் பேச்சு என்று விட்டுவிட்டேன். நானும் படிக்காதவன்தான், ஆனால் தொப்பி போட்டிருந்தேனே.

குடித்தது எங்கே போகிறது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பாதி புகையாகப் போனது. எண்ணெய் எஞ்சினுக்குள் ஓடி, கறுத்து, கெட்டியாகி அடியில் தங்கும். அதை அடிக்கடி இறக்கிவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவிய மண்ணெண்ணெயும் கறுப்பாக வெளியே வரும். விளக்குகளுக்குக் கார்பைடு என்று ஒரு கல். அதன் மேல் தண்ணீர் சொட்டினால் ஒரு வாயு வந்து எரியும். எரிந்து முடிந்த பிறகு சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளைச் சேறு மிஞ்சும், பூண்டு வாடை அடிக்கும். சுரங்கத்தில் அப்போது மெழுகுவத்திதான். அந்தக் கல்லை லைனில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

இவ்வளவையும் நான் எருக்குழியில் கொட்டினேன். பத்து வருஷக் குதிரைக்காரன் புத்தி அது. வண்டி கழிப்பது எதுவானாலும் போகிற இடம் அந்தக் குழி. குதிரை கழித்தது மண்ணுக்கு உரமானது, இது கழிப்பது மட்டும் என்ன ஆகிவிடும் என்று இருந்தேன். மெட்ராஸ்காரனும் எங்கே கொட்டுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. சுவரில் ஓட்டை இருப்பதை மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். மறக்கவில்லை. கொட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாய் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த வருஷம் மழை இல்லை, குழியில் கொட்டியதெல்லாம் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது, அதனால் நான் அதைப் பற்றி நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

லைனில் எங்களுக்கு அடுத்த தட்டி வீட்டில் ஒருவன் இருந்தான். சயனைடு வேலைக்காரன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். சயனைடு என்று சொல்ல யாருக்கும் நாக்கு வளையாது, நாங்கள் அதை மருந்து என்போம், அவனை மருந்துக்காரன் என்போம். பெரிய தொட்டிகளில் தங்கத்தைப் பிரிக்க மண்ணை மருந்துத் தண்ணீரில் ஊறவைக்கும் இடத்தில் வேலை. உள்ளங்கை, விரல் இடுக்கு எல்லாம் சிவந்து தோல் உரிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் சாம்பல் போட்டு மூன்று முறை கை கழுவுவான். மூன்று முறையும் அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்று பார்ப்பாள். அதன் பிறகுதான் குழந்தையைத் தூக்குவான். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அவன் வரும் சத்தம் கேட்டாலே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், கழுவி முடிக்கும் வரை இறக்காது. கை வலிக்காதா என்று என் பெண்டாட்டி கேட்டுச் சிரிப்பாள்.

அவனுக்கு என் மேல் ஒரு பிரமிப்பு. விடுப்பு நாளில் மோட்டார் நிற்கும் கொட்டகைப் பக்கம் வந்து, நான் பித்தளை விளக்கைத் துடைப்பதைத் தள்ளி நின்று பார்ப்பான். எதையும் தொடமாட்டான். மிஷின் தெரிந்தவர் என்று லைனில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியவர்களில் அவனே முதல்.

வேலை இடத்தில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கை அங்கேயே அலசிவிட்டு வர வேண்டும். அந்தக் கோடையில் ஊருக்குக் குழாயில் வரும் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குறைந்து, குழாய்களைப் பாதி நேரம் மூடிவைத்தார்கள். அதனால் அவன் சாக்கைக் கொண்டுவந்து குட்டையின் கடைசி மூலையில், ஆடு மாடு இறங்காத இடத்தில், ஒரு உடைந்த சட்டியில் தண்ணீர் மொண்டு அலசுவான். அலசிய தண்ணீரைக் குட்டையில் விடமாட்டான், தூரக் கொண்டுபோய் சயனைடு மேட்டில் ஊற்றுவான். இவ்வளவு ஜாக்கிரதையான மனிதனை நான் பார்த்ததில்லை. இதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. மோட்டாருக்கு அது முதல் பூஜை. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்தேன். பழைய எண்ணெய் முழுவதையும் இறக்கினேன், இரண்டு டின் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன், ஒரு மாதமாக ஒரு தொட்டியில் சேர்ந்திருந்த கார்பைடு சேற்றையும் சுரண்டினேன். எல்லாம் குழிக்குப் போனது. மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை. லைன் மொத்தமும் வந்து பார்த்தது. பூசணிக்காய் உடைத்தேன். அக்கா தன் பாத்தியிலிருந்து ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து, இதுவும் ஒரு ஜீவன்தானே என்று சக்கரத்தடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. அதுவரை பெய்யாததையெல்லாம் சேர்த்துப் பெய்தது. குட்டை நிரம்பி வழிந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. தண்ணீர் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். குழியும் நிரம்பியது. ஓட்டை திறந்திருந்தது.

மறுநாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் லைன் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அக்காவின் பாத்திகளில் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீர் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு ஆடை மினுமினுத்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. குட்டையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த கெண்டைக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்தன. அக்கா பாத்திக்குள் இறங்கி நின்றுகொண்டு, கீரை இலைகளை ஒவ்வொன்றாகப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க இலை கையோடு வந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாய்க்காலோரம் எருக்கஞ்செடி மறைவில் என் குழாய் வாயிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. யாரும் அந்தச் செடியை விலக்கிப் பார்க்கவில்லை. நான் உள்ளே போனேன். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டையில் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்து வெளிப்பக்கம் வந்து, சுவரில் இருந்த அந்த வெள்ளைக் கோட்டை இரண்டு வாளித் தண்ணீரால் கழுவினேன். அந்த ஓட்டையைப் போடும்போது சிரித்தவள் பத்தடி தள்ளி எனக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தாள். அவளுக்கு ஓட்டை நினைவு இல்லையா என்று கேட்கலாம். குதிரை போன அன்றே நான் அதை அடைத்திருப்பேன் என்று அவள் நம்பியிருப்பாள். யாராக இருந்தாலும் அடைத்திருப்பார்கள்.

குழாயடியில் அன்றைக்கே முடிவாகிவிட்டது. மருந்து. வேறு என்னவாக இருக்க முடியும்? முன்பு சயனைடு மேட்டுப் பக்கம் தண்ணீர் குடித்த ஆடுகள் செத்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. குட்டையில் மருந்துச் சாக்கு அலசுகிறவன் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மோட்டாரைப் பற்றி யாருக்குமே தோன்றவில்லை. அது சுத்தமான வண்டி என்று நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி குழாய் மேடையருகில் எல்லாரையும் கூட்டினார். லைனில் அவர் வைத்ததுதான் சட்டம். மருந்துக்காரன் மறுத்தான். மூலையில்தான் அலசுகிறேன், தண்ணீரை மேட்டில்தான் ஊற்றுகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மேஸ்திரி நியாயமான மனிதர். ஒருவன் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்றார். ஒரு எருக்கிலையில் அந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்துவரச் சொல்லி, நேராக என்னிடம் நீட்டினார்.

"நீதாம்பா மிஷினு, மருந்து எல்லாம் தெரிஞ்சவன். பார்த்து சொல்லு. நீ சொல்றதுதான்," என்றார்.

இலையை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனேன். பூண்டு வாடை. தினம் சாயங்காலம் விளக்குத் துடைக்கும்போது என் கையில் அடிக்கும் அதே வாடை. தலை நிமிர்ந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்த்தாள். மருந்துக்காரன் முகத்தில் மட்டும் பயமே இல்லை. எல்லாம் தெரிந்த நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று அவனுக்கு ஒரு தெம்பு இருந்தது. அந்த முகம்தான் இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் எதிரில் வந்து உட்காருகிறது.

"மருந்துதான்," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மருந்து மழைத் தண்ணீரில் கரைந்தால் இப்படித்தான் வெள்ளையாகப் படியும், சாக்கில் ஒரு துளி இருந்தாலும் போதும், ஒரு வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும் என்று நீட்டி முழக்கினேன். ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. எல்லாம் அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது.

மருந்துக்காரன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இனிமேல் அவன் குட்டைப் பக்கம் வரக்கூடாது, அவன் பெண்டாட்டி குழாயில் எல்லாரும் பிடித்த பிறகு கடைசியாகத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று முடிவானது. கடைசி முறை வருவதற்குள் பெரும்பாலும் குழாய் நின்றுவிடும். என் பெண்டாட்டி தன் குடத்திலிருந்து பாதியை அவளுக்கு ஊற்றினாள், எனக்குத் தெரியாமல். தெரிந்தால் திட்டுவேன் என்று நினைத்திருக்கிறாள். என்னைப் பற்றி அவள் நினைத்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் மதிலுக்கு மேலாக இன்னொன்றைப் பார்த்தேன். மருந்துக்காரன் ஷிப்ட் முடிந்து வந்து அக்காவின் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தான். கெட்டுப்போன மேல்மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளினான். கையில் மண் படாமலிருக்க, இல்லை, மண்ணில் தன் கை படாமலிருக்க, இரண்டு கையிலும் கந்தல் சுற்றியிருந்தான். கூடை கூடையாகச் சுமந்து சயனைடு மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினான். யாரும் சொல்லி அவன் செய்யவில்லை. என் எண்ணெயை அவன் தலையில் சுமந்துகொண்டிருந்தான். ஒரு முறை நான் துரையை ஏற்றிக்கொண்டு போகும்போது கூடையோடு ஓரமாக ஒதுங்கி நின்றான். கண்ணாடியில் திரும்பிப் பார்க்கும் வசதி அந்த வண்டியில் இல்லை, அதனால் புழுதி அவன் மேல் எப்படிப் படிந்தது என்று நான் பார்க்கவில்லை.

அந்தத் துண்டில் அப்புறம் கீரை வரவில்லை. இரண்டு முறை விதைத்துப் பார்த்துவிட்டு அக்கா கைவிட்டாள். பேத்தமங்களாப் பக்கத்திலிருந்து வரும் கீரையை வாங்கி ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் உட்கார்ந்து விற்றாள். பழைய பழக்கத்தில் என் வீட்டுக்கு மட்டும் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு கட்டுப் போட்டுவிட்டுப் போனாள், சாணி இல்லாமலே. அந்தக் கீரையில் முதல் வாய் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இறங்கியது. மறுசோறு போட்டுக்கொண்டேன்.

வேலை போய்விடும் என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சாக்கும் நிலைக்கவில்லை. ஒரு நாள் பேத்தமங்களா ஏரிக்குத் துரையை ஓட்டிக்கொண்டு போகும்போது, வண்டி சூடு தணிய ஒரு இடத்தில் நிறுத்தியிருந்தேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கழிவெண்ணெயைக் குழியில் கொட்டினேன், அது வெளியே போய்க் கீரைத் தோட்டம் கெட்டுவிட்டது துரையே என்று தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே, அப்படியானால் வேறு இடத்தில் குழி வெட்டு என்றார். கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. எந்தத் தோட்டம் என்று கேட்கவும் இல்லை. இதற்குப் போய் ஏன் இவன் முகம் வெளுக்கிறான் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

வேலைக்கு ஆபத்தில்லை என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வந்ததும் நேராக மேஸ்திரியிடம் போயிருக்கலாம். போகவில்லை. அப்படியானால் நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? தொப்பியைத்தான். சுத்தமான வண்டி என்று சொன்ன என் வாயைத்தான். வேறு இடத்தில் குழி வெட்டினேன். அதற்குக் கீழே யார் தோட்டம் இருந்தது என்று நானும் போய்ப் பார்க்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு மத்தியானம் கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். காலடிச் சத்தம் கேட்டு வெளியே வந்தால் மருந்துக்காரன் நின்றிருந்தான். வேலையை விட்டுவிட்டதாகவும், ஊருக்கே போய்விடுவதாகவும் சொன்னான். வாசலில் அவன் பெண்டாட்டி மூட்டையோடு நின்றாள். குழந்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டும், அதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான்.

நான் நிஜத்தைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. சுற்றிலும் யாரும் இல்லை. நான் வாயைத் திறக்குமுன் அவன் பேசிவிட்டான்.

"எனக்கு நம்பிக்கையே இல்லண்ணா, நாந்தான் கெடுத்தேன்னு. அவ்ளோ ஜாக்கிரதையா இருந்தேன். நீங்க சொன்ன பெறகுதான் ஒத்துக்கினேன். நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. அக்கா வவுத்துல அடிச்சிட்டேன். உங்க தெருவுல இருந்துகினு இப்டி பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான். என்னிடம்.

"பரவால்ல, போ," என்றேன். மன்னித்துவிட்டேன்.

அவன் போகவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும் என்று தயங்கினான். கந்தல் சுற்றிய கைகளை ஒன்றோடு ஒன்று தேய்த்தான்.

"அன்னிலேந்து கொழந்தைய நான் தூக்கறதில்லண்ணா. ஒரு துளி இருந்தாலும் போதும்னு சொன்னீங்களே. எத்தினி தபா கழுவனாலும் பயமா இருக்குது. வேலய வுட்டா கொஞ்ச நாள்ல போயிடுமில்ல? எப்ப சுத்தமாவும்? உங்களுக்குத்தான் தெரியும்."

என் கைகள் முழங்கை வரை எண்ணெயில் கறுத்திருந்தன. அவற்றைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றேன். இன்றைக்கே தூக்கு, இப்போதே போய்த் தூக்கு என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பானே. தெரிந்தவன் மாதிரி ஏதாவது ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"சித்திரை வரைக்கும் பொறு," என்றேன்.

அவன் விரலை மடக்கினான். கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. அஞ்சு மாசந்தானே அண்ணா என்று சொல்லி, நிம்மதியாகச் சிரித்து, என்னைக் கும்பிட்டான்.

அவன் வாசல் பக்கம் திரும்பியதும் குழந்தை அம்மாவின் காலை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கியது. அவன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதைத் தாண்டி நடந்தான். அது கையை இறக்காமலே அவன் பின்னால் போயிற்று.